டான்சிங் ரோஸ்: மெல்லுடல் வீரனின் பாத்திர வார்ப்பு

எடைப்பிரிவு பேணும் குத்துச்சண்டையில் சிற்றுடல் குறையாகாது. 112 பவுண்டு எடையுள்ளவர் தம்மையொத்த எடையினரோடே மோதுவார். சிற்றுடலைக் குறையாக்கி, அதனை ஈடுசெய்யும் திறனொன்றைத் தேடுவது புனைவின் தேவை. மேசையைச் சுற்றியமர்ந்து மாந்தரை ஏற்று ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (1974) என்னும் விளையாட்டு, வலிமை, லாவகம் முதலிய ஆறு இயல்புகளுக்கு எண்மதிப்பு வழங்கியே பாத்திரங்களைப் படைக்கிறது. பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) ஷபீர் கல்லரக்கல் ஏற்ற டான்சிங் ரோஸும் ஏறத்தாழ அத்தகைய வார்ப்பே. வலிமை குறைவு, லாவகம் மிகுதி. கைகளைத் தாழ்த்தி, எதிராளியை எள்ளியபடி, நடனமாகவே அவர் சண்டையிடுகிறார். அக்கால் நகர்வைக் கபிலன் கணித்த பின்னரே போட்டி திரும்புகிறது. திறன் என்பது எதிராளி கூர்ந்து நோக்கிக் கற்கக்கூடியது எனக் காட்டும் இவ்விடம் எந்த எண்மதிப்பிலும் அடங்காதது. படத்தின் ஆகச்சிறந்த சண்டையும் இதுவே.

ஆயின் கபிலனுக்குத் துறைமுக வேலை, தாய் பாக்கியத்தின் தடை, குத்துச்சண்டை வீரராயிருந்த தந்தை என ஒரு வரலாறு உண்டு. ரோஸுக்கு வீடில்லை, தொழிலில்லை, தெருவில்லை. பார்வையாளர் அவரைக் கொண்டாடியதில் நடிகரின் உடல்மொழிக்கே பெரும்பங்கு (திரைக்கதைக்குச் சிறுபங்கே). வடசென்னையின் நெருக்கடிநிலைக் காலத்தை இத்துணை நுணுகிப் பேசும் படம், இடியப்ப பரம்பரையினரை எதிரணியாக மட்டுமே நிறுத்தியதன் விளைவு இது.