விளக்கும் குடமும்: 1982 ஆம் ஆண்டுச் சர்வசன வாக்கெடுப்பும் வாக்காளர் அறிவும்

சர்வசன வாக்கெடுப்புகளை ஆராய்வோர் பலர், அவற்றின் குறைபாடுகளுக்கு வாக்காளரின் அறியாமையையே முதற் காரணமாகக் கொள்வர். சிக்கலான அரசியலமைப்பு வினாவொன்றைச் சாதாரண குடிமகன் விளங்கிக்கொள்ளமாட்டான் என்பது அவர்தம் எடுகோள். 1982 டிசெம்பர் 22 ஆந் திகதி இலங்கையில் நடைபெற்ற வாக்கெடுப்பை நோக்குமிடத்து இவ்வெடுகோள் எமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. எழுத்தறிவு எண்பது வீதத்தையுங் கடந்திருந்த நாட்டில் வாசிக்கத் தெரியாமை ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. வாசிப்பதற்கு எவை விட்டுவைக்கப்பட்டன என்பதே நாம் கேட்க வேண்டியது.

முதலில் வினாவை நோக்குவோம். 1977 இல் தெரிவான பாராளுமன்றம் 1983 ஓகஸ்டில் முடிவடைய வேண்டியிருந்தது. அதன் ஆயுளை 1989 ஓகஸ்ட் 4 வரை நீடிக்கும் நான்காவது திருத்தத்தை வாக்காளர் அங்கீகரிக்கின்றனரா என்பதே வினா. செய்யுளொன்றை அணுகுவதுபோல் இதனை அணுகின், சொல்லப்பட்டதிலும் சொல்லாது விடப்பட்டதே கனதியானது. 1977 இல் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களுள் 140 ஐப் பெற்றமைக்குப் பழைய தொகுதிமுறையும் ஒரு காரணம். 1978 ஆம் ஆண்டு யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. 1982 ஒக்டோபர் 20 இல் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன பெற்றது 52.91 வீத வாக்கு. புதிய முறையில் இவ்வாக்குப் பலம் மூன்றிலிரண்டு பெரும்பான்மையைத் தந்திராது. எனவே பாராளுமன்றத்தை நீடிப்பதென்பது அப்பெரும்பான்மையை நீடிப்பதே. வாக்குச்சீட்டில் இதற்கு இடமிருக்கவில்லை.

'ஆம்' என்பதற்கு விளக்கும் 'இல்லை' என்பதற்குக் குடமும் சின்னங்களாயின. எம்மவர் மங்கல நிகழ்ச்சிகளில் நிறைகுடமும் குத்துவிளக்கும் அருகருகே வைக்கப்படுவன, ஒன்றையொன்று மறுப்பனவல்ல. பகைமைக்கு வழிசமைத்த வினாவொன்றுக்கு இத்துணை இணக்கமான குறியீடுகள் கிடைத்தமை விந்தையே. சின்னம் வாக்களிப்பை எளிதாக்கிற்று, பொருளைத் தெளிவாக்கவில்லை.

தெளிவாக்க முயன்றோருக்கு நேர்ந்தது யாது? வாக்கெடுப்பு அவசரகால நிலையின் கீழ் நடைபெற்றது. கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' பத்திரிகை அச்சகத்துக்கு முத்திரையிடப்பட்டது. வாக்கெடுப்பை எதிர்த்த 'பவிதி ஹண்ட' என்னும் மதகுருமார் அமைப்பின் துண்டுப்பிரசுரங்களைப் பொலிசார் கைப்பற்றினர். அச்செயல் கருத்து வெளியிடும் உரிமையை மீறியதென 1983 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடும் விதித்தது. வாக்குகளோ முன்னரே எண்ணி முடிக்கப்பட்டிருந்தன. வானொலி, தொலைக்காட்சி, ஏரிக்கரைப் பத்திரிகைகள் ஆகியன அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. 'நக்சலைட்' சதியொன்று உண்டென்பது அரசு முன்வைத்த நியாயம். அதனைச் சீர்தூக்கிப் பார்ப்பதற்கான சான்றுகள் வாக்காளர் முன் வைக்கப்படவில்லை. அச்சதி எந்நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவுமில்லை.

முடிவு யாவரும் அறிந்ததே: ஆம் 54.66 வீதம், இல்லை 45.34 வீதம். யாழ்ப்பாண மாவட்டத்தில் 'இல்லை' 91 வீதத்தைத் தாண்டிற்று. இது கட்சியின் கட்டளைக்குப் பணிந்த வாக்கேயன்றி விடயமறிந்த வாக்கன்று எனச் சிலர் கூறக்கூடும். இதில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும் இரண்டு மாதங்களுக்கு முன்னர் நடந்த சனாதிபதித் தேர்தலில் அதே மாவட்டத்து வாக்குகள் குமார் பொன்னம்பலம், ஹெக்டர் கொப்பேகடுவ, ஜயவர்த்தன ஆகியோரிடையே சிதறியிருந்தன. ஆளைத் தெரிவதில் வேறுபட்டோர், தேர்தலின்றி ஆறாண்டுகள் என்னும் விளைவை எடைபோடுகையில் ஒன்றுபட்டனர். திருத்தத்தின் வாசகங்களை அறிவது ஓர் அறிவு. அதன் பயனை அறிவது வேறோர் அறிவு. வாக்காளருக்கு இன்றியமையாதது பின்னையதே என்பது எமது துணிபு.

எனினும் எவரும் அறிந்திருக்க முடியாதனவும் இருந்தன. 1983 ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. அது விதித்த சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். 'இல்லை' என்ற யாழ்ப்பாணத்தவர், தாம் மறுத்த அந்நீடிப்புக் காலத்திற் பிரதிநிதிகளின்றியே இருந்தனர்.

வாக்கெடுப்பு நாளில் நிகழ்ந்த ஆள்மாறாட்டம், அச்சுறுத்தல் முதலியவற்றைத் தேர்தல் ஆணையாளரின் அறிக்கை பதிவுசெய்துள்ளது. அவ்வறிக்கை வெளிவந்த ஆண்டு 1987. நீடிக்கப்பட்ட ஆயுளின் பெரும்பகுதி அப்போது கழிந்துவிட்டிருந்தது.