உளவியல் நூல்கள் ஒளிந்திருக்கும் இடம்

நூலகத்திற்குச் சென்று, தேடிய பொருளில் நூலே இல்லை என்று வெறுங்கையுடன் திரும்பிய அனுபவம் உங்களுக்கு உண்டா? நூல் இல்லாமை வேறு. நாம் பார்த்த இடத்தில் நூல் இல்லாமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் ஆராய்ச்சி மாணவர்கள் இழப்பது கொஞ்சமல்ல.

ஆழ்வார்திருநகரியைச் சேர்ந்த மாணவி ஒருவர் என்னிடம் இயற்பியல் பயின்றவர். பின்னர் கல்வியியலில் முதுகலை படிக்கச் சென்று, பத்தாம் வகுப்பு மாணவரின் தேர்வு அச்சம் பற்றி ஆய்வேடு எழுத முற்பட்டார். ஒரு நாள் எங்கள் கல்லூரி நூலகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "சார், சைக்காலஜிக்கு ஒரே ஒரு தட்டுதான் இருக்கு. அதிலேயும் பதினோரு புத்தகம். தலைப்பை மாத்திடட்டுமா சார்?" என்று கேட்டார். நானும் யோசியாமல், "மாத்திடும்மா" என்று சொல்லிவிட்டேன். அது என் தவறு. மறுவாரம் நானே அந்த நூலகத்தில் இரண்டு மணி நேரம் சுற்றி வந்தபோதுதான் அது விளங்கிற்று. அவருக்கு வேண்டிய நூல்கள் ஐந்து இடங்களில் சிதறிக் கிடந்தன.

ஏன் இந்தச் சிதறல்?

நம் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் நடைமுறையில் இருப்பது டூயி தசமப் பகுப்பு முறை. அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்டது. அறிவுத்துறைகள் அனைத்தையும் பத்து வகுப்புகளாக்கி எண் கொடுத்தார். இதில் உளவியலுக்கு உரிய எண் 150. ஆனால் தேர்வு அச்சம் என்ற பொருளைத் தேடிப் பாருங்கள். அச்சம் என்னும் உணர்ச்சி 152.46-இல் இருக்கிறது. வளரிளம் பருவத்தினரின் மனம் 155.5. கல்வி உளவியலோ கல்வித் துறைக்குப் போய் 370.15 ஆகிவிடுகிறது. தேர்வுகள் 371.26. பதற்றம் நோயாக முற்றிவிட்டால் மருத்துவத்தில் 616.85. எனவே 150-ஆம் எண் தட்டின் முன் மட்டும் நின்றவருக்குக் கிடைப்பது பொருளின் ஒரு துண்டே.

உளவியல் ஏன் 100 என்னும் தத்துவ வகுப்பில் அடங்கியது? அதற்கும் காரணம் உண்டு. 1876-இல் மனத்தைப் பற்றிய கல்வி தத்துவத்தின் ஒரு கிளையாகவே கருதப்பட்டது. வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வுக்கூடம் நிறுவியது 1879-இல்தான். கல்கத்தாப் பல்கலைக்கழகம் சோதனை உளவியலுக்குத் தனித்துறை கண்டது 1916-இல். துறை ஆய்வுக்கூடத்திற்குக் குடிபெயர்ந்துவிட்டது. அதன் எண்ணோ பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது.

இதற்காக டூயியை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நூல் தட்டு என்பது ஒரே ஒரு பரிமாணம் கொண்டது. இடமிருந்து வலம் செல்லும் ஒரு கோடு. தேர்வு அச்சம் போன்ற பொருளுக்கோ உணர்ச்சி, வயது, பள்ளி, நோய் எனப் பல பரிமாணங்கள். பல பரிமாணமுள்ள ஒன்றை ஒரு கோட்டின் மேல் வைத்தால், அருகிருக்க வேண்டிய சில விலகித்தான் போகும். எந்தப் பகுப்பு முறையாலும் இதை முற்றிலும் தவிர்க்க இயலாது.

அரங்கநாதனின் விடை

இதை நன்கு உணர்ந்தவர் நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் உளவியல் தத்துவத்திலிருந்து விடுபட்டு, 'எஸ்' என்னும் தனி எழுத்தைப் பெற்றது. பொருளின் பல முகங்களைத் தனித்தனியே குறித்து இணைப்பதும் அம்முறையின் சிறப்பு. ஆயினும் அதன் குறியீடுகள் கடினமானவை. டூயியின் எண்களைப் போல அவை பரவவில்லை. தட்டில் அதுவும் ஒரு கோடுதான்.

அவருடைய பெரிய உதவி வேறொன்று. ஒரு நூலின் எண்ணிலுள்ள ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பொருட்குறிப்பு எழுதும் சங்கிலி முறையை அவர் வகுத்தார். தட்டு பிரித்துவிட்டதை அட்டவணை சேர்த்து வைக்கும். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியதே.

என் குறையெல்லாம் இங்கேதான். நான் பார்த்த சில நூலகங்களில் பழைய பொருள் அட்டைகள் ஓரம் கட்டப்பட்டுவிட்டன. அவற்றின் இடத்தில் வந்த கணினியில் ஆசிரியர் பெயரும் நூற்பெயரும் மட்டுமே ஏற்றப்பட்டுள்ளன. நூலின் பெயர் தெரிந்தவருக்கு அது உதவும். பெயர் தெரியாமல் பொருளை மட்டும் அறிந்து வரும் மாணவருக்கு அது ஊமை. விலை கொடுத்து வாங்கிய நூல், பொருட்குறிப்பு இல்லாததால் வாங்காத நூலாகிவிடுகிறது.

தமிழில் தேடுவோர்க்கு

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. உளவியல், உளநூல், மனவியல், மனோதத்துவம் ஆகியவை ஒரே துறைக்கு வெவ்வேறு காலங்களில் வழங்கிய பெயர்கள். ஒரு சொல்லை மட்டும் கொடுத்தால் மற்றப் பெயரிலுள்ள நூல்கள் அகப்படா. ஆகவே நான்கையும் கொடுத்துப் பாருங்கள். 'அச்சம்' என்று தேடியபின் 'பயம்', 'பதற்றம்' என்றும் தேடுங்கள்.

நூலகச் சுவருக்கு வெளியேயும் வழி உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா' என்னும் இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓர் ஆய்வேட்டின் முன்னாய்வுகள் பற்றிய இயலைப் படித்தால், அடுத்துத் தேட வேண்டியவற்றின் பட்டியல் கைக்கு வந்துவிடும். தேர்வு அச்சத்தை அளக்க மாண்ட்லர், சராசன் என்போர் 1952-இலேயே வினாப்பட்டியல் அமைத்ததும், ஸ்பீல்பெர்கரின் அளவுகோல் 1980-இல் வந்ததும் இவ்வாறு தெரியவரும். ஆனால் ஒருவரின் அளவுகோலைப் பயன்படுத்த அனுமதி பெற வேண்டும். தமிழாக்கினால் மீண்டும் சோதித்துப் பார்க்கவும் வேண்டும்.

என் மாணவியின் ஊருக்கே இதில் ஒரு முன்கதை உண்டு. பத்துப்பாட்டை அச்சிட முனைந்த உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். இலட்சுமணக் கவிராயர் வீட்டில் ஏடுகள் குவிந்திருந்தன. தேடியது மட்டும் அங்கே இல்லை. பின்னர் அது கவிராயரின் மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தது. பத்துப்பாட்டு 1889-இல் அச்சேறியது. முதல் வீட்டோடு முயற்சி முடிந்திருந்தால் அந்த ஏடு கைக்கு வந்திராது.

மாணவியைத் திரும்ப அழைத்து, ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தலைப்பை அவர் மாற்றவில்லை. நீங்களும் அடுத்த முறை நூலகம் செல்லும்போது, உங்கள் பொருளுக்கு எத்தனை முகங்கள் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முகத்திற்கும் ஒரு தட்டைப் பாருங்கள். அகப்படாவிட்டால் நூலகரிடம் கேளுங்கள். பொருள் அட்டவணை எங்கே என்றும் சேர்த்துக் கேளுங்கள். நாம் கேட்காத வரை அது வராது.