கரை என்றால் எந்தக் கரை? மொழிபெயர்ப்பை ரசிப்பது எப்படி

மொழிபெயர்ப்பு நூலைப் படித்து முடித்ததும் பலர் சொல்லும் பாராட்டு ஒன்று உண்டு: ‘மொழிபெயர்ப்பு மாதிரியே தெரியவில்லை.’ நல்ல எண்ணத்தோடு சொல்வதுதான். ஆனால் மொழிபெயர்ப்பாளர் பட்ட பாடு எதையும் நான் கவனிக்கவில்லை என்பதும் அதற்குள் இருக்கிறது. அந்தப் பாட்டைப் பார்க்க எளிய வழி, பல பொருள் கொண்ட பெயர்ச்சொற்களைப் பிடித்துக்கொண்டு வாசிப்பது. வாக்கியத்தை உடைத்து வேறு விதமாகக் கோர்க்கலாம், வினையை விகுதி கொண்டு வளைக்கலாம். பெயர்ச்சொல் அப்படி வளைந்துகொடுக்காது. ஒரு மொழியில் இரண்டு பொருளைச் சேர்த்துச் சுமக்கும் சொல்லுக்கு, அதே இரண்டையும் சுமக்கும் இணை இன்னொரு மொழியில் கிடைப்பது அபூர்வம். ஒன்றை எடுத்தால் மற்றது விழும். மொழிபெயர்ப்பாளர் எதை எடுத்தார் என்பதில்தான் அவர் அந்தப் படைப்பை எப்படிப் படித்தார் என்பது வெளிப்படுகிறது. எனவே ‘சரியா, தவறா’ என்று கேட்பதை விட்டு, ‘எது நின்றது, எது விழுந்தது’ என்று கேட்கத் தொடங்கினால் ரசனை பிறக்கும்.

பார்வையைத் தலைப்பிலிருந்து தொடங்குவது நல்லது. வாக்கியத்துக்குள் இருக்கும் சொல்லின் பொருளை முன்னும் பின்னும் நிற்கும் சொற்கள் குறுக்கிவிடுகின்றன. பெரும்பாலும் ஒரு பொருள்தான் உயிரோடிருக்கும். தலைப்புக்கு அப்படிக் காவல் இல்லை. அதில் எல்லாப் பொருளும் விழித்திருக்கும். அல்பேர் காம்யு 1942இல் வெளியிட்ட நாவலின் தலைப்பில் உள்ள ‘எத்ரான்ஜே’ என்ற பிரெஞ்சுச் சொல் அறிமுகமில்லாதவனையும் வேற்று நாட்டவனையும் குறிக்கும். ஒரு கூட்டத்தில் ஒட்டாமல் வெளியே நிற்பவனையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் மூன்று சொற்கள். ஸ்டூவர்ட் கில்பெர்ட்டின் ஒரே மொழிபெயர்ப்பு 1946இல் பிரிட்டனில் ‘தி அவுட்சைடர்’ என்றும் அமெரிக்காவில் ‘தி ஸ்ட்ரேஞ்சர்’ என்றும் இரண்டு தலைப்புகளோடு வெளிவந்தது. ஒன்றை எடுத்துக்கொண்ட வாசகர் சமூகத்தோடு பொருந்தாதவனின் கதையைப் படிக்கத் தயாராகிறார். மற்றதை எடுத்தவர் முகம் தெரியாத ஒருவனை எதிர்பார்க்கிறார். இரண்டு தலைப்பிலும் வேற்று நாட்டவன் இல்லை. ஆனால் கதை நடப்பதோ பிரான்ஸ் பிடித்து ஆண்ட அல்ஜீரியாவில். பிரெஞ்சுக் குடியேற்றத்தைச் சேர்ந்த நாயகன் அங்கே ஓர் அரபியைச் சுட்டுக் கொல்கிறான். அந்த மண்ணில் யார் வெளிநாட்டவர் என்ற கேள்வியை மூலத் தலைப்பு சும்மா இருந்தே எழுப்பிவிடுகிறது.

இங்கே தமிழுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்து க்ரியா வெளியிட்ட நூலின் பெயர் ‘அந்நியன்’. அந்நியர் ஆட்சி, அந்நியத் துணி எரிப்பு என்று விடுதலைப் போராட்ட காலத்தில் நாம் பழக்கிய சொல் அது. வீட்டில் ஒட்டாதவனையும் அதே சொல்லால் சுட்டுகிறோம். ஆங்கிலம் கைவிட்ட பொருளைத் தமிழ் சத்தமில்லாமல் பிடித்துவைத்திருக்கிறது. (2005இல் அதே பெயரில் வந்த சங்கர் படத்துக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு வேறொரு சாயமும் ஏறிவிட்டது, அதற்கு ஸ்ரீராம் பொறுப்பல்ல.) ‘ஃபீய்’ என்ற பிரெஞ்சுச் சொல்லும் இப்படித்தான். அது சிறுமியும் ஆகும், மகளும் ஆகும். ஆங்கிலத்தில் எழுதுபவர் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். நமக்குப் ‘பெண்’ இருக்கிறது. எல்லா இடத்திலும் தமிழ் ஜெயிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ‘கோன்சியான்ஸ்’ பிரெஞ்சில் மனசாட்சி, பிரக்ஞை இரண்டையும் தாங்குகிறது. அங்கே ஆங்கிலத்தைப் போலவே நாமும் பிரித்துத்தான் சொல்கிறோம்.

பிரெஞ்சும் ஆங்கிலமும் நமக்கு எதற்கு என்று கேரள எல்லையோரக் காஞ்சிரங்குளத்திலோ பாறசாலையிலோ இருக்கும் வாசகர் கேட்கலாம். நியாயம்தான். அவருக்கு இந்தப் பாடம் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை மாறியபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு சொற்களைப் பிரிக்கவில்லை. நெய்யாற்றின்கரை என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். ஆற்றின் ஓரம் என்ற பொருளில் இரண்டு மொழிக்கும் கரை பொது, வேட்டியின் கரையும் பொது. ஆனால் மலையாளத்தில் ‘கர’ நீருக்கு எதிரான நிலம் முழுவதையும் குறிக்கும். திருவிதாங்கூரில் ஒரு குடியிருப்புப் பகுதியையும், அங்கே சேர்ந்து முடிவெடுக்கும் மக்களையும்கூடக் குறித்தது. பழைய தமிழ்நாட்டுக் கிராமத்தில் கரை என்பது பொது நிலத்தில் ஒருவருக்குள்ள பங்கு. மலையாள நாவலில் ‘கர’ ஒன்றைத் தீர்மானித்தது என்று வந்தால், ‘கரை முடிவு செய்தது’ என்ற தமிழ் வாக்கியம் நெய்யாற்றின்கரையில் விளங்கும். மதுரையில் ஆறு முடிவெடுத்ததுபோல் இருக்கும். ‘ஊர் முடிவு செய்தது’ என்று மாற்றினால் பொருள் கிடைக்கும், அந்த வட்டாரத்தின் அமைப்பு போய்விடும்.

இரண்டும் பக்கத்து மொழிகள், இதில் என்ன கஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. என் பார்வையில் பக்கம்தான் பெரிய கஷ்டம். பிரெஞ்சுச் சொல் அந்நியமாகவே நிற்பதால் மொழிபெயர்ப்பாளர் எச்சரிக்கையாக இருப்பார். முகம் ஒன்றாக இருக்கும் சொல்லோ ஏமாற்றிவிடும். மலையாளத்தில் அவசரம் என்பது வாய்ப்பு, நமக்குப் பதற்றம். அங்கே சம்சாரம் பேச்சு. இங்கே மனைவி, குடும்பம். 1986இல் வந்த விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ என்ற படத்தின் பெயரை மலையாளி தன் மொழியில் கேட்டால், பேச்சைத்தான் மின்சாரம் என்கிறார்கள் என்று நினைப்பார். காரியம் இன்னும் நுட்பமானது. மலையாளத்தில் விஷயம், உண்மை, காரணம் எல்லாம் காரியம்தான். நம்மிடம் அது செயல். இழவு வீட்டில் சடங்கு. ‘ஒரு காரியம் சொல்லணும்’ என்ற வரியை அப்படியே விட்டால் குமரி மாவட்டத்தில் இயல்பான பேச்சு, சென்னையில் சற்றே விநோதம். நல்ல மொழிபெயர்ப்பாளர் இடம் பார்த்து விடுகிறார், இடம் பார்த்து மாற்றுகிறார்.

இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டிய நூல் தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’. 1956இல் மலையாளத்தில் வந்தது. நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த தமிழ்நூல் 1962இல் வந்தது. மலையாளத்தில் செம்மீன் என்றால் இறால். பொதுத்தமிழில் அப்படி இல்லை. மீன் என்ற சொல் பழந்தமிழில் கடலிலும் உண்டு, வானத்திலும் உண்டு. விண்மீனைச் சங்கப் பாடல்கள் மீன் என்றே சொல்லும், செம்மீன் என்பது சிவந்த விண்மீனுக்குப் பெயராகவும் அகராதியில் இருக்கிறது. தலைப்பை ‘இறால்’ என்று மாற்றியிருந்தால் அகராதிப்படி குற்றமில்லை. ஆனால் சந்தையில் நிறுத்து விற்கும் பொருளின் பெயராக அது சுருங்கியிருக்கும். ‘செம்மீன்’ என்று விட்டதில் இறால் என்ற பொருள் தமிழ் வாசகரிடம் மங்கியது. பதிலுக்குச் சிவப்பும் வானமும் கிடைத்தன. தகழி எண்ணாத லாபம் என்று ஒருவர் சொல்லலாம். எண்ணாததாக இருக்கட்டும், இழப்பு நேர்ந்த இடத்தில் வரவும் நேர்ந்தது. ஆங்கிலத்துக்கு அந்த வரவு இல்லை. நாராயண மேனன் 1962இலும் அனிதா நாயர் 2011இலும் தலைப்பை ‘செம்மீன்’ என்ற ஒலியாகவே வைத்தார்கள். ஆங்கில வாசகருக்கு அது பொருளில்லாத அழகிய ஒலி மட்டும்.

துறை என்ற சொல்லையும் இதே கடற்கரையில் தேடிப் பார்க்கலாம். மலையாளக் கரையோரத்தில் ‘துற’ என்பது மீனவர் குடியிருப்பு. குமரிக் கடற்கரையில் இரயுமன்துறை, இராமன்துறை என்று ஊர்ப்பெயர்களாகவே அது நிற்கிறது. மற்ற தமிழருக்குத் துறை என்றதும் படித்துறையோ கல்வித்துறையோ நினைவுக்கு வரும். ‘செம்மீன்’ நாவலில் துறையின் தலைவனான அரயன் முக்கியமான அதிகாரம் கொண்டவன். அவன் பேசும் பக்கங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒரு சொல்லுக்காக இரண்டு மொழிகளும் எடுத்துக்கொண்ட வெவ்வேறு வழிகள் தெரியும்.

மூலமொழி தெரியாதவர் இதையெல்லாம் எப்படி ரசிப்பது என்பது வலுவான ஆட்சேபம். முழுதாக முடியாதுதான். ஆனாலும் சுவடு தமிழிலேயே கிடக்கும். ஒரு சொல் வழக்கமான இடத்தில் நிற்காமல் சற்றே கோணலாக நிற்பது, ஒரே பொருளுக்கு அடுத்த பத்தியில் வேறு சொல் வருவது, ஓரிடத்தில் மட்டும் இரண்டு சொற்கள் இணைந்து வருவது: இவை மூலத்தில் பல பொருள் சொல் இருந்ததற்கான அறிகுறிகள். அப்படியானால் அடிக்குறிப்பு போட்டு எல்லாப் பொருளையும் சொல்லிவிடலாமே என்பார்கள். உணவு, சடங்கு, சாதிப் பெயருக்கு அடிக்குறிப்பு உதவும். இரட்டைப் பொருளுக்கு உதவாது. விளக்கிய இரட்டைப் பொருளில் இரட்டைத்தன்மை மிஞ்சுவதில்லை. சொல்லுக்குச் சொல் நின்றால் கதை எங்கே போகும் என்ற கவலையும் நியாயமானது. அதனால் முதல் வாசிப்பில் நிற்கவே வேண்டாம். இந்த ரசனை இரண்டாம் வாசிப்புக்கு உரியது.

எல்லை ஊர் வாசகருக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. இரு மொழியும் காதில் விழுந்து வளர்ந்த அனுகூலமே சில நேரம் கண்ணை மறைக்கும். மலையாளத்திலிருந்து வந்த தமிழ் நாவலில் ‘வெள்ளம் கொண்டா’ என்று இருந்தால் காஞ்சிரங்குளத்தாருக்கும் களியக்காவிளையாருக்கும் அது குடிக்கும் நீர். சந்தேகமே வராமல் தாண்டிப் போவார்கள். மற்ற தமிழர் பெருக்கெடுத்த ஆற்றைக் காண்பார்கள். அங்கே மொழிபெயர்ப்பாளர் ‘தண்ணீர்’ என்று மாற்றியிருந்தால் எல்லை ஊர்க்காரர் ‘மணம் போச்சு’ என்பார். மாற்றாமல் விட்டிருந்தால் மதுரைக்காரர் ‘பிழை’ என்பார். தீர்ப்புச் சொல்லும் முன் நூல் எந்த வாசகரை நோக்கி அச்சானது என்று பார்த்துக்கொள்வது நல்லது. வட்டார வழக்கு நாவல்கள் வேரூன்றிவிட்ட இன்றைய தமிழில், ‘வெள்ளம்’ என்று அப்படியே விடும் துணிவு முன்பைவிட அதிகமாகச் செல்லுபடியாகிறது என்பது என் கணிப்பு.