பூட்டிய கருவியும் புதிய சட்டமும்

விலைகொடுத்து வாங்கியவனே பொருளுக்கு உடையவன் என்பது உலக வழக்கு. ஐபோன் இவ்வழக்கினின்றும் விலகியது. 2008ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் தன் செயலிக் கடையைத் திறந்த காலந்தொட்டு, பொதுமக்கள் செயலிகளைப் பெறுதற்கு அக்கடையே வாயிலாயிற்று.

இந்நிலையை மாற்ற முற்பட்டது, ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய டிஜிற்றல் சந்தைகள் சட்டம். பிறருடைய செயலிகளையும் கடைகளையும் கருவியில் ஏற்ற இடமளித்தல் வேண்டுமென அதன் 6ஆம் உறுப்புரையின் 4ஆம் பந்தி விதிக்கின்றது. ஆயின், கருவியின் சீர்மையைக் காத்தற்கு இன்றியமையாத, அளவான நடவடிக்கைகளை நிறுவனம் மேற்கொள்ளலாம் என்பதும் அப்பந்தியின் கூற்றே. அதற்கு நியாயங் காட்டல் வேண்டுமெனச் சட்டம் பணிப்பினும், அளவுகோலை முதலிற் கையிலெடுப்பது நிறுவனமேயாம்.

இதன் விளைவு 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிப்பட்டது. ஒன்றிய நாடுகளிற் பிற கடைகளுக்கு வழி பிறந்தது. எனினும், அவற்றின் செயலிகளும் அப்பிளின் சோதனையைக் கடந்தே வரவேண்டியிருந்தன. புதிய நிபந்தனைகளை ஏற்ற செயலியாளர்க்கு, ஓராண்டில் 10 இலட்சத்தைத் தாண்டிய ஒவ்வொரு முதற் பதிவிறக்கத்துக்கும் 0.50 யூரோ கட்டணமும் விதிக்கப்பட்டது.

வஞ்சகச் செயலிகள் உலவும் காலத்திற் காவல் வேண்டா என்பார் இலர். ஆனால், காவலனே வணிகனுமாயின், அவன் தடுப்பது தீங்கையா, போட்டியையா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. சட்டம் வணிகர்க்கு மற்றொரு வாயிலைத் திறந்தது. திறவுகோலை உடையவன் கையிற் கொடுத்திலது. சோதிக்கும் பொறுப்பு விற்பவனிடமிருந்து பிரிக்கப்படும்வரை அச்சுதந்திரம் அரைச் சுதந்திரமே.