மிச்சமாகக் கிடைத்த சுதந்திரம்

பொது இடங்களில் முகத்திரையை பிரான்ஸ் 2010-ல் தடை செய்ததைக் காட்டி ஒரு வாதம் அடிக்கடி வைக்கப்படுகிறது. உரிமைப் பிரகடனம் எழுதிய நாடு தடுக்கிறது, எதையும் எழுதி வைக்காத இங்கிலாந்து விட்டுவிடுகிறது, ஆகவே ஆங்கிலேய வழியே மேல் என்கிறார்கள். இது ஆங்கிலேயச் சட்ட அறிஞர் டைசி 1885-ல் சொன்னதன் மறுபதிப்பு: சுதந்திரம் ஏட்டுப் பிரகடனத்தில் இல்லை, சாதாரண நீதிமன்றங்களின் தீர்ப்புகளில் இருக்கிறது.

முகத்திரைத் தடை தவறுதான். 1789-ன் பிரகடனம் பயங்கர ஆட்சியைத் தடுக்கவில்லை. 1679-ன் ஆங்கிலேய ஆட்கொணர்வுச் சட்டத்துக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் டைசி பாராட்டிய ஆங்கிலேயச் சட்டத்தில் சுதந்திரம் என்பது தடைகள் போக எஞ்சியது. எஞ்சியதற்குத் தனி எடை இல்லை. அதிகாரி புதிதாக ஒரு தடை போட்டால், தராசின் மறுதட்டில் வைக்க நீதிபதியிடம் ஒன்றுமில்லை.

பிரான்சின் நெவேர் நகர மேயர் 1930-ல், கலவரம் வரும் என்று சொல்லி எழுத்தாளர் ரெனே பென்ஜாமேனின் உரையைத் தடுத்தார். பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 1933-ல் அந்தத் தடையை ரத்து செய்தது. ஒழுங்கைக் காப்பது மேயரின் கடமை, ஆனால் கூட்டம் கூடும் சுதந்திரத்தையும் அவர் மதித்தாக வேண்டும். போலீசை நிறுத்திச் சமாளிக்கக்கூடிய ஆபத்துக்காகக் கூட்டத்தையே தடுக்கக் கூடாது என்றது. தீர்ப்பு வர மூன்று ஆண்டுகள் ஆயின, அது குறைதான்.

லண்டனில் 1934-ல் வேலையற்றோர் பயிற்சி மையம் ஒன்றின் எதிரே திருமதி டங்கன் பேச முயன்றார். அவர் அமைதியைக் குலைத்ததாகவோ, குலைக்கத் தூண்டியதாகவோ யாரும் சொல்லவில்லை. போலீஸ் வேண்டாம் என்றது. அதை மீறியதால் கைதாகி அபராதம் கட்டினார். 1935-ல் மேல்முறையீட்டை விசாரித்த தலைமை நீதிபதி ஹியூவர்ட், பொதுக்கூட்டம் நடத்தத் தனி உரிமை எதையும் ஆங்கிலேயச் சட்டம் ஏற்பதில்லை என்றார். டைசியின் நூலும் அதையேதான் சொல்லியிருந்தது. மூன்றே ஆண்டுகளுக்குள் வந்த இவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படித்த பிறகும் ஆங்கிலேய வழியைப் பாராட்ட எப்படி மனம் வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

1979-ன் மலோன் வழக்கு இதைவிட மோசம். தொலைபேசியைப் போலீஸ் ஒட்டுக்கேட்டதை எதிர்த்து ஒருவர் நீதிமன்றம் போனார். வெளிப்படையாகத் தடுக்கப்படாத எதையும் செய்யலாம் என்ற கொள்கையை நீதிபதி மெகாரி போலீசுக்கே பொருத்தினார். குடிமகனைக் காக்கப் பிறந்த கொள்கை, அவனை வேவு பார்த்தவர்களைக் காத்தது. வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை, எந்தப் பொருளும் தொடப்படவில்லை. ஆகவே மீறப்பட்ட உரிமையும் இல்லை! சட்டமன்றம் தலையிட வேண்டும் என்று மெகாரியே வருந்தி எழுதினார். 1984-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டனைக் கண்டித்தது. பிரான்சும் 1990-ல் அங்கே இதே விஷயத்தில் தோற்றது உண்மை. ஆனால் தனிவாழ்வுக்கான உரிமை அதன் குடிமைச் சட்டத்தொகுப்பில் 1970 முதலே இருந்தது.

1998-ன் மனித உரிமைச் சட்டத்துக்குப் பிறகு ஆங்கிலேய நீதிபதிகளும் எழுதிவைத்த உரிமைகளைக் கொண்டே எடைபோடுகிறார்கள். டைசி தேவையில்லை என்றது அதைத்தான். அந்தச் சட்டத்தையும் நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் நீக்கிவிடலாம்.