மந்திரச் சிறுமியரும் மறக்கப்பட்ட மீட்பரும்

2011ஆம் ஆண்டு சனவரி முதல் ஏப்ரல் வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் நள்ளிரவுக்குப் பின் ஒளிபரப்பான பன்னிரு பகுதிச் சித்திரத் தொடர் ஒன்று, இன்று ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பங்குகளின் இளையோர் சிலரது அலைபேசிகளில் ஆங்கிலத் துணையெழுத்துடன் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் 'புவெல்லா மாகி மடோக்கா மாகிக்கா'. ஊரோபுச்சி கென் எழுத, ஷின்போ அக்கியுக்கி நெறியாள, ஷாஃப்ட் என்னும் நிறுவனம் உருவாக்கியது. பழைய குருமடத்து இலத்தீனில் சிறிது மீதி வைத்திருப்போர்க்கு அப்பெயரே ஒரு புதிராகும். 'புவெல்லா' என்றால் சிறுமி. 'மாகி' என்பதைக் குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகளின் பெயராக நாம் அறிவோம். ஆனால் இலக்கணப்படி அது 'மந்திரவாதியின்' என்றும் பொருள்படும். மந்திரச் சிறுமி என்று சொல்ல நினைத்தார்களோ என்னவோ, 'மந்திரவாதிக்கு உரிய சிறுமி' என்று அமைந்துவிட்டது. தொடரின் பொருளும் அதுவே.

ஜப்பானில் மந்திரச் சிறுமிக் கதைகளுக்கு 1966இல் வந்த 'சாலி' தொடங்கி நெடிய மரபுண்டு. கோலும் வண்ண உடையும் பெற்ற சிறுமி தீமையை வெல்வாள். மாலையில் வீடு திரும்பிப் பாடம் படிப்பாள். இத்தொடரும் அவ்வாறே தொடங்குகிறது. கியூபே என்னும் வெண்ணிற விலங்கொன்று பள்ளிச் சிறுமியரிடம் வந்து, ஒரே ஒரு விருப்பத்தை நிறைவேற்றித் தருவதாகவும், அதற்கீடாகச் சூனியக்காரிகளோடு போரிட வேண்டும் என்றும் உடன்படிக்கை கேட்கிறது. மூன்றாம் பகுதியில், எல்லாருக்கும் வழிகாட்டியாய் நின்ற மாமி என்பவள் (தமிழ்ச் செவிக்குச் சிரிப்பூட்டும் பெயர்தான்) பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கொடூரமாக மாண்டுபோகிறாள். ஜப்பானியப் பார்வையாளர் திடுக்கிட்டனர். அவள் பெயரையே வினைச்சொல்லாக்கித் தலை போவதைக் குறிக்கும் கொச்சை வழக்கும் பிறந்தது. எழுத்தாளரின் பெயரைச் சற்றே திரித்துக் கசாப்புக்காரர் என்று பொருள்படும் செல்லப்பெயர் ஒன்றும் வழங்கலாயிற்று.

அதிர்ச்சி அதோடு நிற்கவில்லை. மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானைத் தாக்கின. தொடர் நிறுத்தப்பட்டது. நகரமே புயலுக்கஞ்சிப் புகலிடத்தில் தங்கும் காட்சியைக் கொண்ட பதினோராம் பகுதியும் இறுதிப் பகுதியும் ஏப்ரல் மாதக் கடைசியில்தான் ஒளிபரப்பாயின. பேரழிவுக்கு முன் எழுதப்பட்ட கதை, பேரழிவுக்குப் பின் பார்க்கப்பட்டது. அந்நாட்டு மக்கள் அம்முடிவை வெறும் பொழுதுபோக்காக ஏற்காததில் வியப்பில்லை.

நம்மவர் எதிர்வினை எவ்வாறிருக்கிறது? இளையோர் சிலரோடு அமர்ந்து பார்த்ததில் என்னை மிகவும் உறுத்திய கருத்து ஒன்றுண்டு. "கியூபே பொய் சொல்லவில்லையே, அந்தப் பெண்கள் கேட்டிருந்தால் சொல்லியிருக்குமே" என்பது அது. உடன்படிக்கை செய்த கணத்தில் சிறுமியின் ஆன்மா உடலினின்று பிரிக்கப்பட்டு ஒரு மணியினுள் அடைக்கப்படுகிறது. துயரம் சேரச் சேர அம்மணி கறுக்கும்; முற்றிலும் கறுத்தால் அவளே சூனியக்காரி ஆவாள். இவற்றுள் எதையும் அது முன்னதாகச் சொல்வதில்லை. யாரும் கேட்கவில்லை என்கிறது. இந்த வாதத்தை இயல்பாக ஏற்கும் மனநிலை நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது? சீட்டு நிறுவனத்தின் சிறிய எழுத்துகளிலிருந்தும், கைரேகை வைத்தே வாழ்ந்த பாட்டன்மாரிடமிருந்தும் வந்திருக்கலாம். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் இளம்பெண் ஒருத்தி மட்டும் மறுத்துரைத்தாள்: "எதைக் கேட்கணும்னே தெரியாதவங்க எப்படிக் கேட்பாங்க?" முழு அறிவும் முழுச் சம்மதமும் இன்றிச் சாவான பாவம் இல்லை என்று மறைக்கல்வியில் நாம் கற்றதன் மறுபக்கம் அது. அறிவின்றிப் பெற்ற சம்மதத்தைச் சம்மதம் என்று வாதிடுபவன்மீதே பழி விழும்.

தொடரின் உயிர்நாடி ஏழாம் பகுதியில் உள்ளது என்பேன். கியோக்கோ என்பவள் ஒரு போதகரின் மகள். புதிய காலத்திற்குப் புதிய போதனை வேண்டும் என்று நம்பிய தந்தை, வேதத்தில் இல்லாததையும் போதிக்கத் தொடங்குகிறார். மக்கள் வருவது நின்றுபோகிறது. தலைமையிடம் அவரை விலக்குகிறது. குடும்பம் பட்டினி கிடக்கிறது. தந்தையின் சொல்லை எல்லாரும் கேட்க வேண்டும் என்பதே மகளின் விருப்பம். மறுநாளே ஆலயம் நிரம்பி வழிகிறது. உண்மை தெரிந்ததும் தந்தை மகளையே சூனியக்காரி என்று தூற்றுகிறார், குடிக்கிறார், கடைசியில் மனைவியையும் இளைய மகளையும் கொன்று தானும் மாய்கிறார். பாழடைந்த அவ்வாலயத்தில் அமர்ந்தே கியோக்கோ தோழிக்கு இதைச் சொல்கிறாள், கையில் ஒரு ஆப்பிளோடு.

இதைப் பார்த்த நம் இளைஞர் சிலர் கிறிஸ்தவத்தை இழிவுபடுத்துவதாகச் சினந்தனர். எனக்கு அவ்வாறு படவில்லை. வலிந்து பெற்ற விசுவாசம் விசுவாசமன்று என்பதை அக்குடும்பத்தின் அழிவு நம் பல மறையுரைகளைவிடக் கூர்மையாகக் காட்டுகிறது. கூட்டம் நிரம்பியதா என்று மட்டும் எண்ணிப் பார்க்கும் நமது நற்செய்திக் கூட்ட ஏற்பாட்டாளர்கள் இப்பகுதியை ஒருமுறை பார்த்தால் நலம். தீமையைச் சித்திரிப்பதும் மனிதனை ஆழ்ந்து அறியத் துணைபுரியலாம் என்பதை, ஒழுக்க நெறிக்கு உட்பட்டு, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணையில் ஏற்றுக்கொண்டதே. குறையென்று சொல்வதானால், அத்தந்தையை நாம் மகளின் வாய்மொழியில் மட்டுமே அறிகிறோம். அவர் தரப்பை எழுத ஆசிரியர் முயலவில்லை.

சூனியக்காரிகளின் உலகம் காகித வெட்டுகளும் துணித்துண்டுகளும் பொத்தான்களும் கலந்த கனவுக்காட்சியாக வருகிறது. கெகிதான் இனு கர்ரி என்னும் இருவர் குழுவின் கைவண்ணம். புரியவில்லை என்று பலர் தாண்டிச் சென்றதாகச் சொன்னார்கள். தாண்டக் கூடாத இடம் அது. உருக்குலைந்து கிடக்கும் ஒவ்வொரு உலகமும் ஒரு காலத்தில் ஒரு சிறுமியின் விருப்பமாய் இருந்தது.

அண்டத்தின் ஆற்றல் குறைந்துவருகிறது. நம்பிக்கை விரக்தியாக மாறும் கணத்தில் வெளிப்படும் ஆற்றலே அதை ஈடுசெய்கிறது என்பது கியூபேயின் விளக்கம். ஆதாயம் அண்டத்திற்கு, கசடு சிறுமிக்கு. பதினோராம் பகுதியில் அது மனிதரும் கால்நடைகளும் கொண்ட உறவை எடுத்துக்காட்டி, தம் இனம் மனிதரை அதைவிட மரியாதையாகவே நடத்துவதாகச் சாதிக்கிறது. வேறெந்த ஊரிலும் அவ்வுரை ஒரு வாதமாக மட்டும் கேட்கும். பச்சைத்தோல் வந்திறங்கும் ஊரில் அப்படிக் கேட்பதில்லை. எங்களோடு பார்த்தவர்கள் அவ்விடத்தில் பேச்சற்றுப் போயினர்.

பாலாற்றங்கரையில் வாழ்வோர்க்குக் கசடு என்பது உருவகமன்று. 1996 ஆகஸ்டு 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருவது என்பதை ஒப்புக்கொண்டே, சூழலை அழிக்க அதற்கு உரிமையில்லை என்றது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை நாட்டின் சட்டமாக நிலைநிறுத்தி, ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது. 2015 சனவரி 31 நள்ளிரவில் இராணிப்பேட்டையில் கழிவுத்தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் மூழ்கி மடிந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டோர்க்கு அரசு இழப்பீடு வழங்கி அதை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க வேண்டும் என மீண்டும் ஆணையிட்டது. ஜப்பானியத் தொடர் நம் பாலாற்றைப் பற்றியது என்று நான் சொல்லவரவில்லை. தோல் தொழிலில் சோறுண்ணும் குடும்பங்கள் நம் பங்குகளில் ஏராளம், அதைச் சூனியம் என்பதும் அநீதியே. ஆயினும் ஆற்றல் எங்கே போயிற்று, கசடு யாரிடம் தங்கிற்று என்ற தொடரின் கேள்வி இங்கே எளிதில் வேர்விடுகிறது.

இறுதியில் மடோக்கா தன் ஒரே விருப்பத்தைக் கேட்கிறாள். கடந்த காலம், வருங்காலம், எல்லா உலகங்கள் எங்கும், சூனியக்காரிகள் தோன்றுமுன்பே அவர்களைத் தன் கையாலேயே அழித்துவிட வேண்டும் என்பது அது. எல்லாச் சிறுமியரின் துயரையும் அவள் தன்மேல் ஏற்கிறாள். கிறிஸ்தவப் பார்வையாளர் பலர் இங்கே கல்வாரியைக் கண்டனர். நம் இளையோரும் கண்டனர். பௌத்தர்கள் போதிசத்துவரைக் கண்டதும் பொருத்தமே. நான் வேறுபடுவது ஓரிடத்தில். அவள் மனிதப் பிறவியாய் இருந்த தடயமே அழிந்து, ஒரு விதியாக மாறிவிடுகிறாள். பெற்ற தாய்க்கும் அவளை நினைவில்லை. தோழி ஹோமுரா ஒருத்திக்கே முழு நினைவு. நம் ஆண்டவர் விதியாக மாறவில்லை. உயிர்த்தெழுந்தபின் காயங்களைக் காட்டினார், மீன் உண்டார். இறுதி இராவுணவில் தம்மை நினைவுகூருமாறு பணித்தார். நற்கருணை ஒவ்வொன்றும் அந்நினைவே. நினைவற்ற மீட்பு நமக்கு மீட்பாகுமா?

2013இல் வந்த 'கலகம்' என்னும் திரைப்படம் இவ்விடத்திலேயே கைவைக்கிறது. மறக்கப்பட்ட தோழியை ஏற்க முடியாத ஹோமுரா, அவளை மேலிருந்து பிடித்திழுத்து மீண்டும் மனிதச் சிறுமியாக்குகிறாள். தானே பேய் என்று அறிவிக்கிறாள். துரோகம் என்று பலர் கொதித்தனர். அன்பின் உச்சம் என்று பலர் கொண்டாடினர். எனக்கு அது துரோகமாகவே படுகிறது, ஏனெனில் மடோக்காவின் சம்மதத்தை அவள் கேட்கவில்லை. கியூபே செய்ததையே அன்பின் பெயரால் செய்கிறாள். ஆனால் அவளை அவ்விடத்திற்குத் தள்ளியது அந்த மறதிதான் என்பதையும் படம் மறைக்கவில்லை.

பெற்றோர் கேட்பதால் சொல்கிறேன்: வண்ணப்படத்தைக் கண்டு சிறு குழந்தைகளிடம் கொடுத்துவிட வேண்டாம். உயர்நிலைப் பள்ளி முடித்தோர்க்கே இது தகும். அவர்களோடு சேர்ந்து அமர்வதே நன்று. பன்னிரு பகுதிகளும் ஐந்து மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். கியோக்கோ மாண்டுபோகும் ஒன்பதாம் பகுதியோடு மனம் வெறுத்துச் சிலர் நிறுத்திவிடுகின்றனர்; ஹோமுரா ஏன் அப்படியானாள் என்பது பத்தாம் பகுதியில்தான் தெரியும்.