"படம் எப்படிவே இருக்கு?"
தாமிரபரணிக் கரையின் பார்வையாளர் விமர்சனம்

திருநெல்வேலியில் புதுப்படம் வெளியான நாளில் பதில் ஒரே மூச்சில் வந்துவிடும்: "முத பாதி நல்லாருக்கு, பொறவு சவ்வா இழுத்துட்டான்." கதை, நீளம் இரண்டுக்கும் அதிலேயே தீர்ப்பு இருக்கிறது. டீக்கடையிலும் படித்துறையிலும் கல்லூரி விடுதியிலும் நடக்கும் இந்தப் பேச்சை விமர்சனம் என்று யாரும் அழைப்பதில்லை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் திரைப்படத்தை எடைபோட்டு வந்தது பெரும்பாலும் இந்தப் பேச்சுதான். ஆய்வாளர்கள் இதை இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

தமிழ்நாட்டு ரசிகர்களைப் பற்றி ஆய்வுகள் இல்லாமல் இல்லை. எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரின் பிம்பத்தை ஆராய்ந்து 1992இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி மதுரையில் ஏழை எளிய பார்வையாளர்களிடையே ஆய்வு செய்து, அதை 1993இல் நூலாக்கினார். இரண்டும் முக்கியமானவை. ஆனால் இத்தகைய ஆய்வுகளில் ரசிகர் பெரும்பாலும் பக்தராகவோ வாக்காளராகவோ வருகிறார். படத்தைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கருத்தோடு வீடு திரும்பும் விமர்சகராக அவரைக் காண்பது அரிது.

அந்த விமர்சகரைத் தேடினால் முதலில் அகப்படும் இடம் நெல்லை எழுத்தாளர்களின் நினைவுக் கட்டுரைகள். கலாப்ரியா தம் எம்.ஜி.ஆர். பற்றை மறைக்காமல் எழுதியவர். 'நினைவின் தாழ்வாரங்கள்' போன்ற அவருடைய நூல்களில் ஒரு தலைமுறை சினிமாவோடு வளர்ந்த கதை இருக்கிறது. சுகாவின் 'மூங்கில் மூச்சு', 'தாயார் சன்னதி' இரண்டிலும் நண்பர்களின் சினிமாப் பேச்சு ஊரின் வாசனையோடு வருகிறது. பூர்ணகலா, ரத்னா, பார்வதி, சென்ட்ரல், ராயல் என்று பெயர் சொன்னாலே அந்தத் தலைமுறைக்கு இன்ன கொட்டகையில் இன்ன படம் என்று நினைவு ஓடும். இவை இலக்கியமாகப் படிக்கப்படுகின்றன. பார்வையாளர் வரலாறாகவும் படிக்கப்பட வேண்டும்.

படம் எடுக்கும் பக்கத்திலும் நெல்லை எழுத்தாளர்கள் இருந்தார்கள். புதுமைப்பித்தன் கடைசி ஆண்டுகளில் சினிமாவுக்குப் போய், 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதி, 1948இல் நோயுற்று மறைந்தார். 1978இல் ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' படத்துக்கு வசனம் எழுதியவர்களில் வண்ணநிலவன் ஒருவர்.

புதுமைப்பித்தனின் கதைத் தலைப்பையே பெயராகக் கொண்ட காஞ்சனை திரைப்பட இயக்கம் தனித்துச் சொல்லத்தக்கது. ஆர்.ஆர். சீனிவாசன் நெல்லையில் நடத்திய இந்த இயக்கம், திரையரங்குக்கு வராத படங்களை இங்குள்ளவர்களுக்குக் காட்டியது. 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணி காவல்துறையின் தடியடியில் சிதறி, ஆற்றில் 17 பேர் இறந்தபோது, அவர் எடுத்த ஆவணப்படம் 'நதியின் மரணம்'. உலக சினிமா பார்க்கப் பழகிய கண் தன் ஊர் ஆற்றின் பக்கம் திரும்பியது. அந்த வகையில் இந்தப் பள்ளத்தாக்கின் திரைப் பேச்சில் அதை ஒரு திருப்பமாகவே கருதுகிறேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக இருந்த அ. ராமசாமியின் 'ஒளிநிழல் உலகம்' போன்ற நூல்கள் கல்விப்புலத்திலிருந்து வந்த பங்கு.

2015இல் வந்த 'பாபநாசம்' படத்தின் நாயகன் சுயம்புலிங்கமே ஒரு சினிமா ரசிகன். பள்ளிப்படிப்பைத் தாண்டாத அந்தக் கேபிள் டிவிக்காரன், படம் பார்த்தே உலகத்தைக் கற்றவன். கமல்ஹாசன் பேசிய நெல்லைத் தமிழுக்குத் துணை நின்றவர் சுகா. இங்கே அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கதையைவிடப் பேச்சைத்தான் உன்னிப்பாகக் கேட்டார்கள். "நம்ம ஊர்ல இப்படியாவே சொல்லுவாங்க?" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

மாரி செல்வராஜின் படங்கள் வந்த பிறகு கேள்வி இன்னும் ஆழமாகப் போனது. 'பரியேறும் பெருமாள்' (2018) பார்த்தவர்கள் பரியன் திருப்பி அடிக்காதது பலமா பலவீனமா என்று வாதிட்டார்கள். 'கர்ணன்' (2021) வாள் எடுத்தபோது அதையே முந்தைய வாதத்துக்கான பதிலாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. 1995இல் கொடியன்குளம் கிராமத்தில் காவல்துறை நடத்திய தாக்குதலை நினைவூட்டும் அந்தப் படத்தில் காலம் 1997 என்று காட்டப்பட்டதை உதயநிதி ஸ்டாலின் சுட்டிக்காட்டினார். அன்றைய ஆட்சி அதிமுகவுடையதா திமுகவுடையதா என்பதே அங்கே பிரச்சினை. ஓடிக்கொண்டிருந்த படத்திலேயே அந்த வரி மாற்றப்பட்டது.

'வாழை' (2024) வந்தபோது, வாழைத்தார் சுமக்கும் வாழ்க்கையைத் தாம் 'வாழையடி' சிறுகதையில் முன்பே எழுதியிருப்பதாகச் சோ. தர்மன் சொன்னார். அந்தக் கதையை எல்லோரும் வாசிக்க வேண்டும் என்று மாரி செல்வராஜும் கேட்டுக்கொண்டார். ஒரு படத்தைப் பற்றிய தகராறு ஒரு சிறுகதைக்குப் புதிய வாசகர்களைக் கொண்டுவந்தது. தார் சுமந்த தோள் உள்ள ஒருவர் 'வாழை'யைப் பார்த்துவிட்டுச் சொல்வதை மதிப்பெண் போடும் விமர்சனத்தோடு சேர்த்து வைக்க முடியாது. அது சாட்சியம். சென்னையில் எழுதப்பட்ட எத்தனையோ மதிப்புரைகளில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது.

இதே நெல்லையில்தான் ராம் முத்துராம் திரையரங்கில் முன்னோட்டத்துக்கே திருவிழாக் கூட்டம் கூடுகிறது. 2022இல் 'பீஸ்ட்' முன்னோட்டத்தின்போது கண்ணாடிகள் உடைந்தன. அந்த ஆரவாரத்தில் உற்சாகம் உண்டு, கருத்து இல்லை. படம்தான் இன்னும் வரவில்லையே. 2024 நவம்பரில் மேலப்பாளையம் அலங்கார் திரையரங்கில் பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. அப்போது அங்கே ஓடியது 'அமரன்'. அதன் காஷ்மீர்ச் சித்தரிப்பை எழுதியும் பேசியும் எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அது விமர்சனம், அதற்கு முழு உரிமை உண்டு. குண்டு அந்த விமர்சகர்களின் வாயைத்தான் முதலில் அடைக்கிறது.

பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை, எழுத்தில் ஏறாத மக்கள் வழக்காறுகளைச் சேகரிப்பதில் பேர்பெற்றது. அதே காதோடு பார்வையாளர் பேச்சையும் பதிவு செய்யலாம். கொட்டகை வாயிலில் டிக்கெட் கிழித்தவர்கள், புரொஜக்டர் ஓட்டியவர்கள், தரை டிக்கெட்டில் உட்கார்ந்து படம் பார்த்த பெண்கள், தார் சுமந்தவர்கள் எல்லோரும் பார்த்த படங்களைப் பற்றிச் சொல்லட்டும். பழைய கொட்டகைகளை அறிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அந்தத் துறையின் மாணவர்கள் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.